வீட்டுப் பொருளில் ஒரு நந்திதுர்க்கம்

விடுமுறை வந்துவிட்டால், பொம்மைப் படைகளுக்குப் போர்க்களம் வேண்டுமென்று சிறுவர்கள் நம்மைத் துளைத்தெடுப்பார்கள். அதற்காகக் கடைக்கு ஓட வேண்டுவதில்லை. 1913-இல் இவ்விளையாட்டுக்கு நூலே எழுதிய ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸும் மரக்கட்டைகளையும் சுள்ளிகளையும் தரையில் பரப்பியே களம் அமைத்தார். நமது சுரங்கத்தின் பெயரைக் கொண்ட நந்திதுர்க்கக் கோட்டையையே நாம் வீட்டில் எழுப்புவோம்.

பழைய அட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டி, கஞ்சிப் பசையில் நனைத்த செய்தித்தாளை மேலே போர்த்தவும். மேற்கே மட்டும் சரிவு. மற்றப் புறங்கள் செங்குத்து. 1791 அக்டோபரில் கார்ன்வாலிஸ் பிரபுவின் படை, சரிவின் வழியே பீரங்கிகளை இழுத்தேற்றித்தான் திப்பு சுல்தானின் அக்கோட்டையைப் பிடித்தது. நிலமே போரை வகுக்கிறது என்பதைச் சிறுவர்கள் தம் கைகளாலேயே அறிவார்கள். தீப்பெட்டிகள் மதிலாகும், தேங்காய் நார் புதராகும், காப்பிச் சக்கை மண்ணாகும். சக்கையை வெயிலில் நன்கு உலர்த்தாவிடில் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒன்றை மறத்தலாகாது. நைஸாக இருக்கிறதென்று சயனைடு மேட்டு மணலை எடுத்துவரச் சிறுவர்களை விடாதீர்கள். பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கற்பொடி அது. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன, அம்மேடுகள் மூடப்படவில்லை. கல்தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பதை நம் பாட்டனார்களின் இருமலே நமக்குச் சொல்லியிருக்கிறது. பேரர்களின் விளையாட்டிலும் அத்தூசி புக வேண்டாம்.