டிஸ்சார்ஜ் ஆனால் போதுமா?

"அப்பாவுக்கு மூளை ஆபரேஷன் சக்சஸ்!" என்றதும் சொந்தபந்தம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். நிஜமான வேலையே அதற்கப்புறம்தான் ஆரம்பம், தெரியுமா உங்களுக்கு?

பேச்சு குழறலாம். கை, கால் சொன்னபடி கேட்காது. சாதுவான மனுஷர் சாப்பாட்டுத் தட்டை விட்டெறிவார். தேறி வர மாசக்கணக்கில் பயிற்சி வேண்டும். இன்ஷூரன்ஸோ, பெரும்பாலும் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாளோடு கணக்கை மூடிவிடும். அப்புறம் குளிப்பாட்ட, நடக்கவைக்க, நேரம் தவறாமல் மாத்திரை கொடுக்க ஆள்? மனைவி, மகள், மருமகள். சம்பளம் பூஜ்யம். காமர்ஸ் படித்தவன் சொல்கிறேன்... நாட்டின் ஜி.டி.பி.யிலும் இந்த உழைப்பு பூஜ்யம்தான்!

"பெத்தவங்களைப் பார்க்கிறது பிள்ளைங்க கடமை சார்" என்கிறீர்களா? வாஸ்தவம். அதற்கு 2007-ல் சட்டமே போட்டாச்சு. பேறுகால விடுப்பையும் 2017-ல் 26 வாரமாக்கினார்கள். சபாஷ்! ஆனால், படுத்துக் கிடக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள, தனியார் கம்பெனி ஊழியருக்குச் சட்டப்படி தனி லீவு ஒரு நாளாவது உண்டா? இருக்கிற லீவைக் கரைக்க வேண்டும். தீர்ந்தால், வேலையை விட வேண்டும். கடமையைச் சட்டமாக்கத் தெரிந்தவர்களுக்கு, அதைச் செய்ய அவகாசம் கொடுக்கத் தெரியாதா?

சட்டம் வரும்போது வரட்டும். உங்களிடம் வேலை பார்ப்பவர் "அப்பாவுக்கு ஆபரேஷன்" என்று வந்து நின்றால், "எத்தனை நாள்?" என்று முறைக்காதீர்கள். "எத்தனை மாசம் வேணும்?" என்று கேளுங்கள்.