எக்காமிரா வாங்குவது?

நிழற்படக் கலையை ஜீவனோபாயமாகக் கொள்ள விழையும் மாணவ நண்பர்கள் பலரும் வினவுவது, எக்காமிரா சிறந்தது என்பதே. எவ்வேலைக்கு என்பதன்றோ முதல் வினா!

மீடியம் பார்மட் டிஜிட்டல் காமிராவின் பெருமை அதன் சென்சாரின் பரப்பில் உள்ளது. டி.எஸ்.எல்.ஆர்.களுட் பெரியவற்றின் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். இதிலோ பெரும்பாலும் 44-க்கு 33. நகை, பட்டாடை, ஓவியம் முதலியவற்றை நுணுக்கமாகப் பெருக்கிக் காட்ட இதற்கு இணையில்லை. ஆயினும் இதனைக் கடன்பட்டு வாங்குதல் தகாதென்பது என் துணிபு. இத்தகைய வேலை வரும் நாளில் வாடகைக்கு எடுத்து, அவ்வாடகையை வேலை தந்தவர் கணக்கிற் சேர்த்தலே முறை. கடனாளியோ வட்டிக்கு அஞ்சி ஒவ்வாத வேலையையும் ஏற்பான்.

மணவிழாவில் மாலை மாற்றும் கணம் மீண்டும் வாராது. அங்கே விரைந்து குவிவதும், இரண்டு கார்டுகளில் ஒருங்கே பதிவதுமான டி.எஸ்.எல்.ஆர். போதும். மிர்ரர்லெஸ் காமிராக்கள் பெருகியபின் இது பழம்பொருளாயிற்று என்பர். அதனாலன்றோ கைமாறியவை மலிவாகக் கிடைக்கின்றன! மணமக்கள் படத்தைப் பார்ப்பரேயன்றிக் காமிராவின் வயதைக் கேளார்.

பிலிமோ கண்ணைப் பழக்கும் நல்லாசான். 120 சுருளில், 6-க்கு 6 சென்டிமீட்டர் அளவில், 12 படங்களே உண்டு; ஆதலின் சிந்தித்தே விசையை அழுத்துவோம். ஆயின் தொழிலை அதன்மேல் நிறுத்துதல் இடர். கோடக்ரோம் சுருளின் உற்பத்தி 2009-ல் நின்றது. அதனைக் கழுவித் தந்த கடைசிச் சாலையும் 2010 டிசம்பரோடு சுருள்களை ஏற்பதை நிறுத்தியது. அதன்பின் வீடுகளில் கழுவாது எஞ்சிய சுருள்களின் வர்ணத்தை மீட்பது மிக அரிதாயிற்று.