கழுத்துக்கட்டும் 7-ஏ பிரிவும்

போகிக்கு முதல் நாள், 1967 ஜனவரி 12, வியாழக்கிழமை மாலை. நடிகர் எம்.ஆர்.ராதாவும் தயாரிப்பாளர் கே.என்.வாசுவும் ராமாவரம் தோட்டத்துக்கு எம்.ஜி.ஆரைப் பார்க்கப் போனார்கள். வாசு தயாரித்து எம்.ஜி.ஆரும் ராதாவும் சேர்ந்து நடித்த 'பெற்றால்தான் பிள்ளையா' வெளிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆருக்கு இடது காதோரம் பாய்ந்த குண்டு கழுத்துக்குள் தங்கியது. ராதாவின் உடம்பிலும் இரண்டு குண்டுகள். இருவரையும் முதலில் ராயப்பேட்டை மருத்துவமனைக்கும் பிறகு சென்னைப் பொது மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். மறுநாள் 'தாய்க்குத் தலைமகன்' திரைக்கு வந்தது. நாயகன் கட்டிலில் கிடக்க, அவர் படம் கொட்டகையில் ஓடியது. அதற்கும் மறுநாள், பொங்கலன்று, முருகன் அருள் பாடும் 'கந்தன் கருணை' வெளியானது.

1967 என்றதும் தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் கண்முன் வருவது ஒரு சுவரொட்டி. கழுத்தைச் சுற்றிக் கட்டு, மருத்துவமனைப் படுக்கை, கூப்பிய கைகள். பரங்கிமலைத் தொகுதியில் தி.மு.க. வேட்பாளராக நின்றவர் தெருவுக்கு வந்து வாக்குக் கேட்கவே இல்லை. அந்தப் படம்தான் தமிழகம் முழுக்கப் போய் அவருக்காகவும் கட்சிக்காகவும் கேட்டது. திரையில் எத்தனையோ முறை அடிபட்டு எழுந்தவர் இப்போது நிஜத்தில் அடிபட்டுக் கிடந்தார். சண்டைக் காட்சிக்குப் பழகிய கண்களுக்கு அந்தக் கட்டு எதைச் சொல்லும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் தம் ஐம்பதாவது பிறந்தநாளை மருத்துவமனையில் கழித்தார். பிப்ரவரியில் தேர்தல் முடிந்தபோது 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றிருந்தார்.

அந்தச் சுவரொட்டிதான் ஆட்சியை மாற்றியது என்று சொல்லிவிடுவது சுலபம். மேடையிலும் டீக்கடையிலும் அரை நூற்றாண்டாக அப்படித்தான் சொல்லப்படுகிறது. கணக்கு வேறு கதை சொல்கிறது. வென்ற தி.மு.க.வைவிடத் தோற்ற காங்கிரஸ்தான் ஒரு முடி அளவு கூடுதல் வாக்கு வாங்கியது: காங்கிரசுக்கு 41 விழுக்காட்டுக்குச் சற்று மேல், தி.மு.க.வுக்கு 41க்குச் சற்றுக் கீழ். ஆனால் காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் நின்று ஐம்பதை ஒட்டிய இடங்களையே பிடித்தது. தி.மு.க. 174 இடங்களில் நின்று 137இல் வென்றது. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, முஸ்லிம் லீக், மார்க்சிஸ்டுகள், சி.பா.ஆதித்தனார், ம.பொ.சி. என்று ஒருவரோடொருவர் ஒட்டாதவர்களை ஒரே பந்தியில் உட்காரவைத்த அண்ணாவின் சாமர்த்தியம் அது. அடியில் கனன்றது 1965 மொழிப் போராட்டத்தின் சூடு. அதற்கும் அடியில் அரிசிப் பஞ்சம். 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற முழக்கம் பசித்த வயிற்றுக்கு எந்தச் சுவரொட்டியையும்விடத் தெளிவாகவே கேட்டிருக்கும். விருதுநகரில் காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றதற்கும் ஸ்ரீபெரும்புதூரில் முதல்வர் பக்தவத்சலம் தோற்றதற்கும் ராமாவரம் குண்டை மட்டும் காரணம் காட்ட முடியாது.

சினிமாவுக்கும் நீதிமன்றத்துக்கும் தமிழகத்தில் பழைய உறவு உண்டு. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' அரங்கு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தபோதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1947இல் விடுதலையாகி வந்த பாகவதருக்குப் பழைய சிம்மாசனம் திரும்பக் கிடைக்கவில்லை. இருபது ஆண்டு கழித்து வந்த இந்த வழக்கு ஒருவரைக் கீழே தள்ளியது. இன்னொருவரை உயரத்தில் ஏற்றியது. பலர் அதைச் சினிமா வழக்காகவே படித்தார்கள். உண்மையில் இரண்டு அரசியல் முகாம்களின் நிழலும் அதில் விழுந்திருந்தது. ராதா பெரியாரின் தொண்டர். அந்தத் தேர்தலில் பெரியார் காமராஜரை ஆதரித்துக் காங்கிரசுக்கு வாக்குக் கேட்டார். எம்.ஜி.ஆரோ தி.மு.க.வின் முகம்.

அப்புறம் வருவது வழக்கு. முதலில் சைதாப்பேட்டை, பிறகு செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம். எம்.ஜி.ஆரைக் கொல்ல முயன்றதாகவும் தற்கொலைக்கு முயன்றதாகவும் ராதா மேல் குற்றச்சாட்டு. தன்னைத் தானே சுட்டுக்கொண்டவனையும் சட்டம் கூண்டில் ஏற்றும் என்பது நாடகத்தில் வந்திருந்தால் ராதாவே அதற்கு ஒரு நக்கல் வைத்திருப்பார். யார் யாரைச் சுட்டது என்பதில் இரு தரப்பும் முரண்பட்டன. எந்தக் குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து புறப்பட்டது என்பதைத் தடய அறிவியல்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் அதுவரை அதிகம் காதில் விழாத அந்தத் துறையின் பெயரை நாளேடு வாசகர்கள் கற்றுக்கொண்டார்கள்.

வழக்கு நடந்துகொண்டிருந்த மாதங்களில் படங்களும் நிற்கவில்லை. மே மாதம் 'அரச கட்டளை', செப்டம்பரில் 'காவல்காரன்'. குண்டு பட்ட பிறகு எம்.ஜி.ஆரின் குரல் மாறிவிட்டது. வேறொருவரைப் பேசவைக்க அவர் சம்மதிக்காததால், மழுங்கிய அந்தக் குரலே கொட்டகையில் ஒலித்தது. குரல் போன நடிகனின் கதை அத்தோடு முடிந்தது என்று தொழிலில் இருந்தவர்கள் நினைத்திருந்தால் அதில் தப்பில்லை. ரசிகர்கள் வேறு விதமாக நினைத்தார்கள். அந்தக் குரல் குறையைச் சாட்சியமாக்கிக் கொண்டார்கள். பின்னர் வந்த தேர்தல்களிலும் அந்தச் சாட்சியம் வேலை செய்தது. நவம்பர் 1 தீபாவளி. எம்.ஜி.ஆரின் 'விவசாயி'யும் சிவாஜியின் 'ஊட்டி வரை உறவு', 'இரு மலர்கள்' இரண்டும் ஒரே நாளில் வந்தன. பட்டாசுக் குப்பை அள்ளி முடிக்குமுன், நவம்பர் 4 அன்று, செங்கல்பட்டு நீதிபதி தீர்ப்பளித்தார்: ராதாவுக்கு ஏழாண்டுக் கடுங்காவல். மேல்முறையீட்டில் தண்டனைக் காலம் பின்னர் குறைந்தது.

இந்தத் தலையங்கத்தின் அக்கறை அந்த நவம்பரின் பிற்பகுதியில்தான். நாளேடுகளின் முதல் பக்கம் அடங்கிய பிறகு, மாதக் கடைசியில், சட்டமன்றம் ஒரு சிறிய மசோதாவை நிறைவேற்றியது: இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்கும் மசோதா. குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்று 1968 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்றானது.

அது ஏன் தேவைப்பட்டது என்று இன்றைக்கு இருபது வயதில் இருப்பவர் கேட்கலாம். அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் 1928இல் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, ஓமம் இல்லை. அதன் பிறகு ஆயிரக்கணக்கானோர் அப்படி மணந்தார்கள். மேடையில் மாலை மாற்றினால் தோழர்கள் கைதட்டினார்கள். சொத்துத் தகராறு வந்தபோது கைதட்டு உதவவில்லை. 1934இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்துச் சட்டம் கேட்கும் சடங்கும் அதில் இல்லை, வழக்கம் என்று ஏற்கும் பழமையும் இல்லை என்பது காரணம். ஒரு தலைமுறையின் மனைவிமார் சட்டத்தின் கண்ணுக்கு மனைவிகள் இல்லாமல் போனார்கள். பிள்ளைகளின் நிலை சொல்ல வேண்டியதில்லை.

7-ஏ பிரிவை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாரேனும் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில், ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால், மோதிரம் அணிவித்தால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். நிமிர்ந்து நிற்கும் சொல் அந்த 'அல்லது'. அந்த இடத்தில் 'உம்' விகுதி விழுந்திருந்தால் தாலி கட்டாயமாகியிருக்கும். நாற்பது ஆண்டுப் பிரச்சாரம் ஓர் இடைச்சொல்லில் தோற்றிருக்கும். இன்னொன்றும் உண்டு. ஒரு மேடை, எதிரே சிலர், இருவர் பேசும் ஒரு வரி. இவ்வளவு போதும் என்கிற திருமணச் சட்டத்தை இயற்றிய அரசின் முதல்வர் 'வேலைக்காரி'யும் 'ஓர் இரவு'ம் எழுதிய நாடகக்காரர். நடந்து முடிந்த திருமணங்களுக்கும் செல்லுபடி என்று எழுதியதுதான் இதன் பெரிய துணிச்சல். 1953 தீர்ப்பு பறித்ததை இந்தச் சட்டம் பின்தேதியிட்டுத் திருப்பிக் கொடுத்தது.

இந்த வெற்றிக்கு முப்பது ஆண்டுக் காலம் ஊர் ஊராக மேடை போட்டு உழைத்தவர்களில் ஒருவர் ராதா. 'இரத்தக்கண்ணீர்' நாடகத்திலும் அவருடைய ராமாயணத்திலும் சாதியும் சடங்கும் பட்ட அடி கொஞ்சநஞ்சம் அல்ல. மாலை மாற்றினாலே திருமணம் என்று சட்டமன்றம் ஒப்புக்கொண்ட மாதத்தில், அதே மாதத்தின் முதல் வாரத்தில், அந்த நாடகக்காரர் ஏழாண்டுத் தண்டனை பெற்றவராக நின்றார். இதில் நீதிமன்றம் செய்த பிழை ஏதும் இல்லை. துப்பாக்கி எடுத்தவருக்குத் தண்டனை என்பதில் மறுபேச்சு இல்லை. இருந்தும், இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த ஆண்டைப் பற்றி யாரும் எழுதாதது உறுத்துகிறது. ஒரு செய்தி சினிமாப் பக்கத்துக்குப் போயிற்று, மற்றது சட்ட நூலகத்துக்கு.

ராதாவோடு சட்டத்துக்குப் பழைய கணக்கும் ஒன்று இருந்தது. 1954இல் சென்னை மாநிலம் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, மனத்தில் இருந்த முக்கியமான ஆள் அவர்தான் என்பது அன்றே எல்லாருக்கும் தெரியும். நாடகத்தை முன்கூட்டிக் கேட்கவும் தடுக்கவும் அதிகாரிகளுக்கு அது அதிகாரம் கொடுத்தது. 1967இல் ஆட்சிக்கு வந்தவர்கள் நாடகம் போட்டு வளர்ந்தவர்கள். அண்ணாவுக்குப் பிறகு முதல்வரானவரும் வசனம் எழுதியே பெயர் பெற்றவர், அதற்குப் பிறகு வந்தவர் நடிகர், இன்னும் பின்னால் வந்தவர் நடிகை. ஒருவரும் அந்தச் சட்டத்தைக் கிழித்துப் போடவில்லை. மேடையிலிருந்து கோட்டைக்குப் போனவர்களுக்குக் கையில் இருக்கும் சாவியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை போலும். 'பரீக்‌ஷா' ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது.

அந்த ஆண்டின் மற்றொரு பெரிய சட்டச் சண்டை டெல்லியில் நடந்தது. அடிப்படை உரிமைகளில் நாடாளுமன்றம் கைவைக்க முடியாது என்று பிப்ரவரி 27 அன்று கோலக்நாத் வழக்கில் ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அதை எழுதிய தலைமை நீதிபதி கோகா சுப்பாராவ் ஏப்ரலில் பதவி விலகி, எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். மே மாதம் ஜாகிர் உசேனிடம் தோற்றார். நடிகர்கள் கோட்டைக்கு வருவதைக் கேலி செய்த கனவான்கள், நீதிபதி நாற்காலியிலிருந்து நேரே வாக்குப்பெட்டிக்குப் போனவரைப் பற்றி எவ்வளவு எழுதினார்கள் என்று பழைய இதழ்களைப் புரட்டித் தேடலாம்.

'தமிழ்நாடு' பெயரும் அதே ஆண்டுச் சங்கதி. ஜூலை 18 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1956இல் அதற்காகப் பட்டினி கிடந்து இறந்த சங்கரலிங்கனாரின் கோரிக்கை சட்டமாக, நாடாளுமன்றம் வழி, 1969 ஜனவரி 14வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரிசி விஷயத்தில் மூன்று படி ஒரு படியாகி, அந்த ஒரு படியும் சென்னையிலும் கோவையிலும்தான் கிடைத்தது. லட்சியமும் நிச்சயமும் அளந்து பார்க்கப்பட்டது ரேஷன் கடையில்தான்.

7-ஏ இன்னும் உயிரோடு நீதிமன்றப் படி ஏறுகிறது. ஊரறிய நடக்காத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014இல் உயர்நீதிமன்றம் சொன்னதை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. வீட்டுக்குப் பயந்து ஓடிவரும் இருவரை ஊரைக் கூட்டி மணக்கச் சொல்வது உயிருக்கே ஆபத்து என்று அந்தத் தீர்ப்பு பார்த்தது. ஆணவக் கொலைகளின் காலத்தில் அந்தப் பழைய 'அல்லது'வுக்கு வந்திருக்கும் புது வேலை இது.

1967இல் செங்கல்பட்டுச் செய்திகளை அச்சுக் கோத்தவர்கள் 'விசாரணை', 'தண்டனை' என்ற சொற்களின் கடைசி எழுத்துக்குத் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தையே எடுத்தார்கள். பெரியாரின் 'விடுதலை' நாளேடு மட்டும் 1930களிலேயே அதை விட்டிருந்தது. அந்தப் புது வடிவத்தை அரசின் எழுத்தாக்கும் ஆணை 1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டையொட்டி வந்தது. ஆணை பிறப்பித்தது எம்.ஜி.ஆர். அரசு. அடுத்த ஆண்டு செப்டம்பர் 17 அன்று, பெரியாரின் நூறாவது பிறந்தநாளில், திருச்சியில் ராதா இறந்தார்.