ஒளிரும் கடலும் நம் கடமையும்

2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் நாள் இரவு, பெசன்ட் நகர், திருவான்மியூர் முதலிய கடற்கரைகளில் அலை உடைந்த இடமெல்லாம் நீலவொளி வீசிற்று. மக்கள் திரளாய்ச் சென்று கண்டனர், படம் பிடித்தனர், வீடு திரும்பினர். அவ்வியப்பைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. வியப்போடு நின்றுவிடுதல் கல்வி பயில்வோர்க்குத் தகுமோ என்பதே நம் வினா.

அன்று ஒளிர்ந்தது நாக்டிலூகா என்னும் ஒற்றை உயிரணுவாலாகிய சிற்றுயிர். கடல்நீரில் மிதந்து வாழும் நுண்பாசிகளையும் பாக்டீரியாக்களையும் விழுங்கி வளர்வது. அலை மோதுங்கால் ஒளிவிடுவது. ஒளியைப் பிறப்பிக்கும் நொதிக்கும், அதற்குரிய ஒளிப்பொருளைத் தாங்கும் புரதத்திற்கும் இதன் உறவினங்கள் சிலவற்றில் தனித்தனி மரபணுக்கள் உள. இதனிடத்திலோ அவ்விரண்டும் ஒரே மரபணுவில் அடங்கியுள்ளன.

இதற்கு இரையாகும் நுண்பாசிகளும் எளியன அல்ல. உலகில் ஆண்டுதோறும் புதிதாய்த் தோன்றும் பிராணவாயுவில் ஏறத்தாழப் பாதி கடல்வாழ் நுண்ணுயிர்களின் கொடையாகும். பாசியினங்களுள் ஏறக்குறையப் பாதிக்கு வைட்டமின் பி12 இன்றியமையாதது; அதனை ஆக்கும் மரபணுக்கள் அவற்றிடம் இல்லை, பாக்டீரியாக்கள் பலவற்றிடம் உண்டு. பாக்டீரியா வைட்டமினை நல்க, பாசி உணவை அளிக்கும் இப்பண்டமாற்றை 2005-இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கிற்று.

இவ்விணக்கமும் அளவோடு நிற்கும் வரையிலேயே நன்மையாம். உரச்சத்து மிகின் உயிர்ப்பெருக்கமும் மிகும். பெருகியவை மடிந்து அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு குன்றும். அதே 2019-இல் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா பெருகிக் கடல் பச்சையாக, மீன்கள் செத்துக் கரையொதுங்கின.

தாம்பரத்தில் இருக்கும் நமக்கு இதனோடு என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். நமக்கு மேற்கேயுள்ள ஏரிகளின் மிகுநீரால் பெருகும் அடையாறு, முடிச்சூர், அனகாபுத்தூர் வழியே சென்று கடலை அடைகின்றது. கிழக்கே வடியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பையும் ஒக்கியம் மடுவையும் கடந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளத்தை அணுகுகின்றது. நம் இல்லங்களின் கழிவும் சவர்க்கார நுரையும் அவ்வழியே செல்வனவன்றோ? அன்றைய ஒளிக்கு நம் கழிவே காரணமென்று துணிந்து கூறோம். மழை, காற்று, நீரோட்டம் ஆகியவற்றுக்கும் அதிற் பங்குண்டு. எது எவ்வளவு என்பதைப் பல்லாண்டுக் குறிப்பின்றி அறிதல் இயலாது.

ஆதலின் நாம் வேண்டுவது பெருஞ்செல்வமன்று. நுண்கண் வலை ஒன்று, நுண்நோக்கி ஒன்று, குறிப்பேடு ஒன்று. திங்கள்தோறும் அடையாற்று முகத்துவாரத்திலும் கோவளத்திலும் நீரெடுத்துக் கண்டதை எழுதிவைக்கும் மாணாக்கர் சிலர். ஒரு வகுப்பார் விடுத்ததை அடுத்த வகுப்பார் தொடர்தல் வேண்டும். எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886–1963) பாசியியலை வளர்த்த நகரம் இது. அவர்தம் வழியினரான நமக்கு, கடல் மீண்டும் ஒளிருங்கால் கைப்படம் ஒன்றே போதுமோ? காட்டுதற்கு ஒரு குறிப்பேடும் நம்மிடம் இருத்தல் வேண்டும்.