ஊர்க்காற்றும் நம் தோலும்

நகரத்துக் காற்று கெட்டது, கிராமத்துக் காற்று நல்லது என்பது நாம் வழிவழியாக நம்பிவரும் ஒன்று. நீர்வேலியைப் போலச் செம்மண் தோட்டங்களும் வாழைகளும் சூழ்ந்த ஊரில் வாழ்பவர்க்கு அந்நம்பிக்கை இன்னும் உறுதியாக இருப்பதில் வியப்பில்லை. 2022 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அது சற்று ஆட்டங்கண்டது. வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் உருவாகி நகர்ந்த வேளையில், இந்தியப் பெருநிலத்தின் மாசு படிந்த காற்று நம் தீவை நோக்கி இழுபட்டு வந்தது. காற்றின் நிலை கருதி அம்மாதம் 9 ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அன்று எல்லோரும் மூச்சைப் பற்றியே பேசினர். தோலை நினைத்தவர் சிலரே. நெஞ்சுக்குள் போகும் காற்று முதலில் முகத்தைத் தடவிக்கொண்டுதானே போகிறது?

மாசுக் காற்றில் மிதக்கும் துகள்களுள் 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறியவையே அதிகம் அஞ்சத்தக்கவை. தலைமயிர் ஒன்றின் தடிப்பை முப்பது கூறாக்கினால் ஒரு கூறு ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். விறகோ எண்ணெயோ முற்றாக எரியாதபோது உண்டாகும் நச்சுச் சேர்மங்கள் இத்துகள்களில் ஒட்டியிருக்கின்றன. அவை நீரில் எளிதிற் கரையமாட்டா, எண்ணெயிற் கரையும். நம் தோலின் மேற்பரப்போ இயல்பாகவே எண்ணெய்ப்பசை உடையது. ஆகவே அவை அதிற் பற்றிக்கொண்டு மெல்ல உள்ளே இறங்குகின்றன. நிறமூட்டும் கலங்களைத் தூண்டுகின்றன. தோலைத் தளராமல் வைத்திருக்கும் நார்களைச் சிதைக்கின்றன. வெயிலும் சேர்ந்துவிட்டால் கேடு இன்னும் மிகும்.

ஜெர்மனியில் 70 முதல் 80 வயது வரையான 400 பெண்களை ஆராய்ந்து 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு. ரூர் கைத்தொழிற் பிரதேசத்தவரும் அயற்கிராமத்தவரும் அவர்களுள் இருந்தனர். வாகனப் புகையும் கரித்தூளும் மிகுந்த இடங்களில் வாழ்ந்தோரின் நெற்றியிலும் கன்னத்திலும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டன. முதுமையின் குறி என்று நாம் எண்ணுவதில் ஒரு பங்கு காற்றின் வேலை என்பது இதனாற் புலனாகிறது.

வாடை கொண்டுவருவதை நம்மால் தடுக்க இயலாது. பருத்தித்துறை வீதியில் ஓடும் லொறியின் கரும்புகையையும் ஒருவர் தனித்து நிறுத்திவிட முடியாது. ஆனால் நம் வளவுக்குள்ளேயே பிறக்கும் புகை எவ்வளவு என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? மாலை மங்கியதும் வேலியோரத்தில் குப்பை கொளுத்துகிறோம். முன்னாளில் அது வாழைச்சருகும் பனையோலையும் மட்டுமே. இன்று பொலித்தீன் பையும் பிளாத்திக்குப் போத்தலும் அதனுள் கிடக்கின்றன. சருகை வாழையடியிற் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கும், உக்கிப் பசளையும் ஆகும். அதை எரிப்பது உண்மையில் தோட்டக்காரருக்கே நட்டம். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு நுளம்புச்சுருள் கொளுத்தும் வீடுகளும் பல. வலையே நல்லது.

இவை எல்லாவற்றிலும் பெரியது குசினிப் புகை. 2022 இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது விறகடுப்புக்குத் திரும்பிய குடும்பங்கள் பல. விலையை எண்ணி அதனுடனேயே நின்றுவிட்டோரும் உளர். ஈரவிறகும் பொச்சுமட்டையும் புகையும் அடுப்பை நாள்தோறும் ஊதுபவர் யார்? தாயார்தான். விறகு, நிலக்கரி போன்றவற்றால் சமைக்கும் சீனப் பெண்களின் முகச்சுருக்கம் ஆழமாகவும், புறங்கைச் சுருக்கம் மிகுந்தும் இருப்பதாக அந்நாட்டு ஆய்வு ஒன்று கூறுகிறது. மகளின் முகப்பூச்சுக்குச் செலவாகும் பணத்தைச் சில மாதம் சேர்த்து வைத்தால், தாயின் அடுப்புக்கு ஒரு புகைபோக்கி வைத்துவிடலாம். இதைச் சொல்வதற்காக மாணவியர் நம்மேற் சினங்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

முகம் கழுவுவதற்கு வருவோம். வெளியிற் சென்று திரும்பியதும், உறங்கப் போகுமுன்னும் கழுவினால் போதும்; அடிக்கடி சவர்க்காரமிட்டுத் தேய்த்தால் தோலின் காப்பாகிய எண்ணெய்ப்பசையே நீங்கிவிடும். நம் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவது. கேத்திலின் உள்ளே படியும் வெண்பூச்சு அதற்குச் சாட்சி. இத்தகைய கடினநீரில் சவர்க்காரம் நன்றாக நுரைப்பதில்லை. அதன் கசடு தோலில் ஒட்டி நின்று வறட்சியையும் தினவையும் தரும். எனவே சவர்க்காரத்தைக் குறைத்து, நீரைத் தாராளமாக விட்டு அலச வேண்டும். ஈரம் முற்றாக உலருமுன் கைகால்களில் சில துளி தேங்காயெண்ணெய் தடவுவது வறண்ட தோலுக்கு நன்று. முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் எண்ணெயைத் தவிர்ப்பதே நலம். சைக்கிளிற் செல்வோர் நீண்ட கைச்சட்டை அணியலாம். நண்பகலில் குடை பிடிக்க ஆண்பிள்ளைகள் ஏன் நாணுகிறார்களோ, நமக்கு விளங்கவில்லை.

புகையாற் கறுத்த முகத்தை ஏழு நாளில் வெளுப்பாக்குவதாகச் சொல்லி விற்கும் களிம்புகளை மட்டும் நெருங்கவே வேண்டாம். அவற்றுட் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. அது நிறமூட்டும் கலங்களின் வேலையைக் கெடுத்துத் தோலை வெளுக்கச் செய்வது மெய்யே. தோலினூடே உடலிற் புகுந்து சிறுநீரகத்தைப் பழுதாக்குவதும் மெய்யே. தாயின் கையிற் பூசிய களிம்பு குழந்தைக்கும் ஒட்டும். 2013 ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பொருள்களை ஒழிக்கவும் வகைசெய்தது. இலங்கையும் அதில் இணைந்துள்ளது. பொருளடக்கம் அச்சிடாத டப்பாவை வாங்காதிருப்பது நம் கையில் இருக்கிறது.

காற்றோடு வரும் இன்னொரு பகை புகையன்று, ஒரு செடி. பாத்தீனியம் என்ற பெயர் நம் தோட்டக்காரர் யாவரும் அறிந்ததே. 1987 இல் வந்த இந்திய அமைதிப்படை தனக்கு உணவாகக் கொண்டுவந்த ஆடுகளுடன் அதன் வித்துக்களும் வந்தன என்பது பரவலான கருத்து. இந்தியாவிலோ 1950களில் பூனா நகரில் அது கண்டறியப்பட்டது. உலர்ந்த செடியின் நுண்தூள் காற்றிற் பறந்து, ஒவ்வாமை உள்ளவர்களின் கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களிற் கடுந்தினவையும் தடிப்பையும் உண்டாக்கும். அங்கே தோல் சிவந்து மீண்டும் மீண்டும் வருமாயின், கடைக் களிம்பை வாங்கிப் பூசாமல் வைத்தியசாலைத் தோல் வைத்தியரிடம் காட்டி, வளவில் இச்செடி உண்டென்பதையும் சொல்லவேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூக்குமுன், கையுறை மாட்டிக்கொண்டு வேரோடு பிடுங்குவது எளிது. கையுறை இல்லாதவர்கள் கையில் ஒரு பொலித்தீன் பையைச் சுற்றிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் உடுத்த உடையை வேறாகத் துவைத்துவிட வேண்டும்.