பழைய மோட்டார் வண்டிகளும் புதிய வர்ணமும்

பழம்பொருள்களைத் தேடிச் சேர்க்கும் ஆசை, நாணயம், சுவடி, சிற்பம் என்பவற்றோடு நின்றுவிடாமல் மோட்டார் வண்டியையும் பற்றிக்கொண்டு நெடுநாளாயிற்று. பிரிட்டனில் இதற்கென்றே 1934-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தோன்றியது; 1919 முதல் 1930 முடியச் செய்யப்பட்ட வண்டிகளையே அச்சங்கத்தார் ‘விண்டேஜ்’ என்னும் பெயர்க்கு உரியனவாகக் கொள்வர். அத்தகைய வண்டிகளை ஏலக்கூடங்களிலும், விளம்பரங்களிலும், பல்லாண்டு பூட்டிக்கிடந்த கொட்டகைகளிலும் தேடித் திரிவோர் இன்று பல நாடுகளிலும் உளர். அவர்தம் ஆசையை நாம் குறைகூற வரவில்லை. வண்டி கைக்கு வந்தபின் அவர்களுள் பலர் அதற்குச் செய்வதைக் குறித்தே சில சொல்ல விரும்புகிறோம்.

பழைய வர்ணம் சுரண்டப்படுகிறது. தோலாசனங்கள் கிழித்தெறியப்படுகின்றன. நெளிந்த தகடுகளுக்கு ஈடாகப் புதுத்தகடுகள் அடிக்கப்படுகின்றன. முடிவில், தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளிலும் தான் கண்டிராத மினுக்கத்தோடு வண்டி வெளிவருகிறது. இதனைப் ‘புதுப்பித்தல்’ என்பர்; அழித்தல் என்பதே பொருந்தும் என்பது நமது துணிபு.

இங்ஙனம் செய்யாது விடுத்த ஒரு வண்டியின் கதையைக் கேண்மின். சுவிட்சர்லாந்தில் மஜ்ஜோரே ஏரிக்கரையிலுள்ள அஸ்கோனா என்னும் ஊரில், 1925-ஆம் ஆண்டின் புகாட்டி வண்டியொன்று சுங்கவரி செலுத்தப்படாமல் நின்றது. அதனை ஒழித்துவிடக் கருதிய அதிகாரிகள் 1936-இல் சங்கிலியிற் பிணித்து நீருள் இறக்கினர் என்று கூறப்படுகிறது. சங்கிலி துருவேறி அற்றது. வண்டி ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் அடிமண்ணிற் சாய்ந்தது. நீரில் மூழ்குவோர் அதனை 1967-இல் கண்டனர். 2009 ஜூலையில் மேலே கொணர்ந்தனர். மறு ஆண்டு பாரிஸ் ஏலத்தில் அது 2,60,500 யூரோவுக்கு விற்றது. வன்முறைக்குப் பலியான ஓர் இளைஞரின் நினைவாக ஏற்பட்ட அறநிலையத்துக்கு அப்பணம் சென்றது. வாங்கிய கலிபோர்னியக் காட்சிசாலையார் அதனைச் செப்பனிடாமல், துருவும் ஓட்டையுமாகவே மக்கட்குக் காட்டினர். (அக்காட்சிசாலை 2024-இல் மூடப்பட்டது.) அதற்கு ஒரு கோட்டு வர்ணம் பூசியிருந்தால் எஞ்சுவது யாது? ஏரியும் போயிற்று, எழுபதாண்டும் போயிற்று; எங்கும் காணத்தக்க புகாட்டி ஒன்று மிஞ்சியிருக்கும்.

பணமே பெரிதென்பாரும் இதனை அறிந்துகொண்டனர். பிரான்சின் மேற்குப் பகுதியில், பாரவண்டித் தொழில் நடத்திய ரோஜே பயோன் என்பார் காட்சிசாலை அமைக்கக் கருதிச் சேர்த்த வண்டிகள், அவர்தம் தொழில் நலிந்தமையால், தகரக் கொட்டகைகளிற் பல்லாண்டு மக்கிக்கிடந்தன. கொடிகள் அவற்றுட் புகுந்து படர்ந்தன. அவை 2014-இல் வெளிப்பட்டன. பழம் பத்திரிகைக் குவியலின் கீழே, ஆலன் டெலோன் என்னும் நடிகர் முன்பு வைத்திருந்த 1961-ஆம் ஆண்டின் ஃபெராரி ஒன்றும் இருந்தது. தூசியும் கீறலும் படிந்த கோலத்திலேயே 2015 பிப்ரவரியில் அது ஒரு கோடியே அறுபத்துமூன்று லட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. இதன்பின் தூசியும் ஒரு சரக்காயிற்று. விற்பனைக்கு முன் தூசியைத் தூவி வைப்பாரும் இருத்தல் கூடும் என்று வாங்குவோர் எச்சரிக்கையாயிருத்தல் நலம்.

“மோட்டார் ஓடுதற்கென்றே செய்யப்பட்டது, ஓடாத வண்டி சவமன்றோ?” என்று சிலர் வினவுவர். வினா நேர்மையானதே. டயர், பிரேக்குக் குழாய், பெட்ரோல் செல்லும் வழி, மின்கம்பி ஆகியவற்றை மாற்றுதல் கடமை; அவை வண்டி ஓடிய காலத்திலும் தேயத்தேய மாற்றப்பட்டவையே. வர்ணமும் ஆசனமும் அவ்வகையின அல்ல. அவற்றை வைத்துக்கொண்டே வண்டியை ஓட்டலாம்.

பென்ட்லி வண்டிகளுக்கு நேர்ந்ததை நினைமின். 1931-இல் ரோல்ஸ்-ராய்ஸ் வசமாகுமுன் அந்நிறுவனம் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் மட்டுமே செய்து விற்றது. மேற்கூட்டை அமைத்தவர் பிறர். அவற்றுட் பல, கூரையோடு கூடிய அடக்கமான குடும்ப வண்டிகள். பிற்காலத்தார் அக்கூடுகளைக் கழற்றியெறிந்து, பந்தய வண்டி போன்ற திறந்த கூடுகளை ஏற்றிவிட்டனர். ஆகவே அக்காலத்துக் குடும்பங்கள் எவ்வாறு பயணஞ்செய்தன என்பதைக் காட்டும் சான்றுகள் அருகின. பந்தயத்தைக் கண்டிராத பந்தய வண்டிகள் பெருகின!

இந்திய அரசாங்கம் 2021-இல் வகுத்த விதி இவ்வகையிற் பாராட்டத்தக்கது. ஐம்பதாண்டு கடந்ததோடு, ஆதியுருவிற் பேணப்பட்டு, அடிச்சட்டம், கூடு, எஞ்சின் இவற்றிற் பெருமாற்றம் பெறாத வண்டியையே அது ‘விண்டேஜ்’ என ஏற்கிறது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம் மிகுதியெனத் தோன்றலாம், வரையறை சரியானதே.

நம் வாசகருள் எவரேனும் இத்தகைய வண்டி வாங்கப் புகுவராயின், வர்ணத்தைப் பாராது முதலில் அடிச்சட்ட எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுத்தாளோடு ஒத்துப்பார்க்க. மரச்சட்டத்தின்மேல் தகடு பொதிந்த வண்டியாயின் கதவை மெல்லத் தூக்கிப்பார்க்க. கீல் தளர்ந்து கதவு மேலெழுந்தால் உள்ளே மரம் உளுத்திருத்தல் கூடும். விளக்கு, கைப்பிடி, கடிகார முகப்பு முதலிய சிறு உறுப்புகள் உள்ளனவா என எண்ணுக; பின்னர் அவற்றைத் தேடுவதே பெருஞ்செலவு. நெடுநாள் நின்ற எஞ்சினை உடனே முடுக்குதல் தகாது. பொறிச்செருகிகளைக் கழற்றி, துளைகளில் எண்ணெய் வார்த்துச் சில நாள் விட்டு, பின் கையால் சுழற்றுக. அது சிறிதளவேனும் அசையுமாயின் விலைபேசத் தொடங்கலாம்.