அலுவலகத்துக்கும் ரிட்ஜ் காட்டுக்கும் ஒரே மிதிவண்டி

தில்லியில் மலை இல்லை. ஆரவல்லித் தொடரின் வடமுனையாகிய ரிட்ஜ் என்னும் மேட்டுக்காடு மட்டுமே உண்டு. ஆயினும், மவுண்டன் பைக் எனப்படும் மலை மிதிவண்டியை வாங்க விரும்புவோரை நான் குறை கூற மாட்டேன். ராமகிருஷ்ணபுரத்திலிருந்து நாடாளுமன்றத் தெருவுக்குச் சுமார் பத்து கிலோமீட்டர். வழியெங்கும் வேகத்தடைகளும் பெயர்ந்த தாரும் உள்ளன. அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை மிதிவண்டிக்கெனத் தனித்தடத்துடன் 2008-இல் அமைந்த பேருந்து விரைவுத்தடமும் 2016-இல் பிரித்தெடுக்கப்பட்டது. இத்தகைய ஊரில் அகன்ற டயர் ஆடம்பரமன்று.

என் மனத்தாங்கல் வேறு. ஜண்டேவாலான் மிதிவண்டிச் சந்தைக்குச் செல்வோரின் கண்ணை முதலில் கவர்வது, முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் பொருத்திய வண்டியே. பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் இரண்டு ஷாக் அப்சார்பர் தர வேண்டுமெனில், உற்பத்தியாளர் வேறெங்கோ சிக்கனம் பிடித்தாக வேண்டும். கனத்த இரும்புச் சட்டமும் மட்டமான பிரேக்கும் அந்தச் சிக்கனத்தின் விளைவுகள். ஒவ்வொரு மிதிக்கும் பின்சுருள் அமுங்கி, காலின் உழைப்பில் ஒரு பங்கை விழுங்கிவிடும். அலுவலகம் சேர்வதற்குள் சட்டை நனைந்துவிடும். அடுத்த மாதம் வண்டி பால்கனிக்குப் போய்விடும்.

கலிபோர்னியாவின் டமல்பாயஸ் மலைச்சரிவில் 1970களில் இவ்விளையாட்டைத் தொடங்கிய இளைஞர்களின் பழைய வண்டிகளில் ஷாக் அப்சார்பரே கிடையாது. தடித்த டயரே அதிர்வைத் தாங்கியது. முன்கவட்டு ஷாக் அப்சார்பர் கடைகளுக்கு வந்தது 1980களின் இறுதியில்தான். குதுப் மினாருக்கு அருகிலுள்ள சஞ்சய் வனத்தின் மண்பாதைக்கு அதைவிடக் கூடுதலாக என்ன வேண்டும்?

ஆகவே, அலுமினியச் சட்டமும் முன்பக்கம் மட்டும் ஷாக் அப்சார்பரும் உள்ள, பதினைந்து கிலோவுக்கு மிகாத வண்டியை நாடுங்கள். சமசாலையில் அந்த ஷாக் அப்சார்பரைப் பூட்டிவைக்கும் வசதி இருத்தல் நலம். கம்பி வடத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக்கே போதுமானது. தெருமுனைப் பழுதுபார்ப்பவருக்கு அது பிடிபடும். 21 கியர் என்ற எண்ணிக்கையில் மயங்க வேண்டா; எட்டு கியர் ஒழுங்காக மாறினாலே போதும். பின்கேரியரும் மட்கார்டும் பொருத்தத் துளைகள் உள்ளனவா என்று பாருங்கள். மடிக்கணினிப் பையை முதுகில் சுமந்து ஜூன் மாத வெயிலில் மிதிப்பது தண்டனையே.

டயரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடையில் வரும் முரட்டுப் பற்கள் கொண்ட டயர், தார்ச்சாலையில் இரைச்சலிட்டு இழுக்கும். நடுவில் வழவழப்பாகவும் ஓரங்களில் பற்களுடனும் இருக்கும் சுமார் இரண்டு அங்குல டயர் இரு வேலைக்கும் பொருந்தும். ரிட்ஜில் விலாயதி கீகர் மண்டிக் கிடக்கிறது. நம்மூர்ச் சீமைக்கருவேலம்தான் அது. அதன் முள்ளுக்கு எந்த நிறுவனத்தின் ட்யூபும் ஒன்றே. எனவே பஞ்சரை அடைக்கும் திரவத்தை வாங்கும்போதே ட்யூபில் ஊற்றச் சொல்லுங்கள்.

இனிக் கணக்கு. முப்பதாயிரம் ரூபாய் வண்டியை ஞாயிறுதோறும் பத்து கிலோமீட்டர் ஓட்டினால், முதலாண்டில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐம்பத்தெட்டு ரூபாய் அடங்கும். ஆண்டுக்கு இருநூறு நாள் அலுவலகம் சென்று திரும்பினால் அது ஏழரை ரூபாய். வாங்குவது அலுவலகப் பயணத்துக்காகவே இருக்கட்டும். காடு அதன் உபரி. 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளதால், பழைய விலைப்பட்டியலை ஏற்காதீர்கள். வங்கி அலுவலன் இதைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம்: கடன் அட்டையின் ‘வட்டியில்லா’த் தவணையிலும் செயல்முறைக் கட்டணமும் அதன்மேல் வரியும் ஒளிந்திருப்பதுண்டு. மாதம் 2,500 ரூபாயை ஓராண்டு தொடர் வைப்பில் போட்டு, ரொக்க விலை பேசுங்கள். தலைக்கவசம், விளக்கு, பூட்டு ஆகியவற்றுக்குத் தனியே மூவாயிரம் ஒதுக்குங்கள். நவம்பரில் புகைமூட்டம் சூழும் நாள்களில் மெட்ரோவே உத்தமம்.

பணம் செலுத்துமுன், குறுக்குச் சட்டத்தின் இருபுறமும் கால் ஊன்றி நின்று பாருங்கள். இடையில் இரண்டு அங்குல இடைவெளியேனும் வேண்டும். பின்னர் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். கடைக்காரர் இசையாவிட்டால், ஜண்டேவாலானில் அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.